மாமத் குகைக்கு வரைபடம் போட்ட அடிமை: அமெரிக்கத் தேசியப் பூங்காக்களும் கறுப்பின மக்களும்

#1 குகைவிளக்கு

வணக்கம் நண்பர்களே. கென்டக்கிக்குக் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. போன மாதம்தான் மாமத் குகைத் தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போனோம். உலகத்திலேயே மிக நீளமான குகை அது. இதுவரை அளந்தது மட்டும் 400 மைலுக்கு மேல்.

உள்ளே ஓரிடத்தில் கூரை தலைக்கு மிக அருகில் வருகிறது. அதில் கரிய எழுத்துகளில் வரிசையாகப் பெயர்கள். மெழுகுவர்த்தியைக் குச்சியில் கட்டி உயர்த்திப் பிடித்து, அதன் புகையாலேயே எழுதியிருக்கிறார்கள். "இதை யாருப்பா எழுதினாங்க?" என்று என் பத்து வயது மகள் கேட்டாள். எங்களைக் கூட்டிப்போன ரேஞ்சர் அவளுக்காகவே நின்று சொன்ன கதைதான் இந்த இழைக்குக் காரணம்.

ஸ்டீபன் பிஷப். 1838-இல் இந்தக் குகையை வாங்கிய பிராங்க்ளின் கோரின் என்ற வழக்கறிஞர், தன் அடிமையாக இருந்த இந்தப் பையனை வழிகாட்டி வேலைக்குக் கொண்டுவந்து விட்டார். அப்போது பையனுக்கு 17 வயது இருக்கலாம். அந்தக் காலத்தில் 'அடியில்லாக் குழி' என்று ஒரு பெரும் பள்ளத்தோடு குகைப் பாதை முடிந்துவிடும். அதைத் தாண்டி யாரும் போனதில்லை. அந்த வருடமே ஸ்டீபன் குறுக்கே ஏணியைப் போட்டு, கையில் ஒரு விளக்கோடு அதன்மேல் தவழ்ந்து அக்கரைக்குப் போய்விட்டார். அந்தப் பக்கம் அவர் கண்டது நிலத்தடி ஆறுகள். அவற்றில் கண்ணே இல்லாத வெள்ளை மீன்கள்.

மறு வருடமே கோரின் குகையை ஜான் கிராகன் என்ற மருத்துவருக்கு விற்றார். விலை 10,000 டாலர். குகையோடு ஸ்டீபனும் கைமாறினார். 1842-இல் கிராகனின் வீட்டில் வைத்து, தான் நடந்தும் தவழ்ந்தும் பார்த்த அத்தனை பாதைகளையும் நினைவிலிருந்தே வரைபடமாகப் போட்டுக் கொடுத்தார் ஸ்டீபன். இரண்டொரு வருடத்தில் அது அச்சேறியது, அவர் பெயரோடு. ஓர் அடிமையின் பெயர் ஒரு வரைபடத்தில் அச்சாவது அந்தக் காலத்தில் எவ்வளவு அரிது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், எங்களோடு வந்த ஒரு நண்பர் வாகன நிறுத்தத்தில் இறங்கியதுமே, "கறுப்பு ஆளுங்களுக்கு இந்த மாதிரி இடத்தில் எல்லாம் ஆர்வமே கிடையாது, பாருங்க, ஒருத்தர்கூட இல்லை" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் உள்ளூர அந்த எண்ணம்தான் இருந்தது. குகையை விட்டு வெளியே வந்தபோது அது எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. உங்களில் யாருக்காவது இதைப் பற்றி மேலும் தெரிந்தால் எழுதுங்கள்.

#2 நெடுவழி

நல்ல பதிவு. ஆனால் ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் கலிபோர்னியாவில் இருக்கிறேன். வருடம் தவறாமல் யோசமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போகிறேன். அங்கே கறுப்பினக் குடும்பங்களைப் பார்ப்பது அபூர்வம்தான். அதை உங்கள் நண்பர் சொன்னதில் என்ன தவறு? காரணத்தைத்தான் அவர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். ஆர்வம் அல்ல, தூரமும் செலவும்தான் காரணம். பெரிய பூங்காக்கள் எல்லாம் மேற்கே மலைக்குள் கிடக்கின்றன. கறுப்பின மக்களில் பெரும்பாலானோர் தெற்கிலும் கிழக்கு நகரங்களிலும் இருக்கிறார்கள். விடுதிக்கு மாதக்கணக்கில் முன்பதிவு, சொந்த வண்டி, ஒரு வாரம் விடுப்பு, இவை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அடிமைக் காலம் முடிந்து நூற்றைம்பது வருடம் தாண்டிவிட்டது. எல்லாவற்றுக்கும் அதையே காரணமாகச் சொல்ல வேண்டுமா?

#3 கல்மலை

நெடுவழி, நியாயமான கேள்விதான். தூரமும் செலவும் உண்மை. ஆனால் நூற்றைம்பது வருடம் பின்னால் போகத் தேவையில்லை. பொது இடங்களில் இனப் பிரிவினையைத் தடைசெய்த சட்டம் வந்த 1964 போதும்.

நான் இருப்பது அட்லாண்டாவில். என்னோடு பல வருடம் வேலை பார்த்த ஒரு பெரியவர், கறுப்பினத்தவர், இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். ஒருமுறை அலுவலகத்தில் நாங்கள் சிலர் மலைக்காட்டில் கூடாரம் போட்டுத் தங்கத் திட்டம் போட்டோம். அவரையும் அழைத்தேன். "இருட்டுவதற்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று என் பாட்டி சொல்லி வளர்த்தாள். எனக்கு அறுபது வயது தாண்டியும் அது உடம்பைவிட்டுப் போகவில்லை" என்றார். அவர் பாட்டிக்கு அது கட்டுக்கதை அல்ல. தெற்கில் கும்பல் சேர்ந்து ஆளை இழுத்துக்கொண்டு போனால், எத்தனையோ முறை அது முடிந்த இடம் ஊருக்கு வெளியே ஒரு மரத்தடிதான். நமக்கு மரம் என்றால் நிழல். அவர்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு.

அப்புறம் பயணம். காரில் குடும்பத்தோடு புறப்பட்டால் எந்த ஊரில் சாப்பாடு கிடைக்கும், எந்த பங்கில் பெட்ரோல் போடுவார்கள், எங்கே இரவு தங்கலாம் என்று தெரியாமல் கிளம்ப முடியாது. அதற்காகவே நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936-இல் ஒரு கையேடு போடத் தொடங்கினார். பச்சைப் புத்தகம் என்று பெயர். முப்பது வருடம் அது தேவைப்பட்டது என்பதை யோசித்துப் பாருங்கள்.

அரசாங்கத்தின் சொந்தப் பூங்காவிலேயே என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வர்ஜீனியாவில் ஷெனன்டோவா தேசியப் பூங்கா 1935-இல் வந்தது. உள்ளூர் வழக்கத்தை அனுசரிக்கிறோம் என்று சொல்லி, கறுப்பின மக்களுக்கு லூயிஸ் மவுண்டன் என்ற ஒரே ஒரு பகுதியை 1939-இல் தனியாக ஒதுக்கினார்கள். பெயரிலேயே 'நீக்ரோ பகுதி' என்று பலகை எழுதி வைத்தார்கள். அந்தப் பிரிவினை முழுசாக ஒழிய 1950 ஆகிவிட்டது. அந்தப் பலகையை நேரில் பார்த்த குழந்தைகள் இன்றைக்குப் பாட்டி, தாத்தா. "பூங்கா யாருக்கு?" என்ற கேள்விக்கு அவர்கள் படித்த விடை அந்தப் பலகைதான்.

#4 பனைநிழல்

கல்மலை அண்ணா, லூயிஸ் மவுண்டனா?! நாங்கள் போன வருடம் இலையுதிர் காலத்தில் அங்கேதான் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கினோம். சின்ன இடம், கூட்டமில்லை, குழந்தைகளுக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள். அது ஏன் சின்ன இடம் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. அடுத்த முறை போகும்போது குழந்தைகளிடம் சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டும்.

குகைவிளக்கு, ஒரு சந்தேகம். அடிமைமுறை ஒழிந்த பிறகு அந்தக் குகை வழிகாட்டிகள் என்ன ஆனார்கள்? ஸ்டீபன் ஒருவர் மட்டும்தானா?

#5 குகைவிளக்கு

இல்லை சகோதரி, ஒருவர் மட்டும் அல்ல. எனக்குத் தூக்கம் போனதே இந்த இரண்டாம் பாதியால்தான்.

ஸ்டீபனோடு மேட், நிக் என்று இரண்டு அடிமைகள் வழிகாட்டிகளாக இருந்தார்கள். இருவரும் நாஷ்வில்லில் இருந்த பிரான்ஸ்ஃபோர்டு என்பவரின் உடைமை. வருடத்துக்கு இவ்வளவு என்று குகைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். அடிமைமுறை முடிந்த பிறகும் இருவரும் அதே குகையில் கூலிக்கு வேலை பார்த்தார்கள். மேட்டின் மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று வேலை வழிவழியாக வந்தது. நம் ஊரில் தவில், நாகசுரம் வாசிக்கும் குடும்பங்களில் பிள்ளை அப்பாவின் பின்னால் உட்கார்ந்தே பழகுவதைப் போல, இந்தப் பிள்ளைகள் விளக்கைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் பின்னால் நடந்தே குகையைப் படித்தார்கள். நூறு வருடம்.

வெள்ளைக்காரப் பயணிகளுக்கு வழிகாட்டியவர்கள் இவர்கள். ஆனால் குகைவாசலில் இருந்த விடுதியில் கறுப்பினப் பயணிக்கு அறை கிடையாது. அதனால் மேட்டின் பேரனும் அவர் மனைவியும் தங்கள் இடத்திலேயே கறுப்பினப் பயணிகளுக்காக ஒரு தங்குமிடம் நடத்தி, தாங்களே குகையைச் சுற்றிக் காட்டினார்கள். 1920-களில்! அவர்களுக்கு ஆர்வம் இல்லையாம். ஆர்வம் இல்லாதவர்களுக்காக யார் விடுதி கட்டுவார்கள்?

பிறகு தேசியப் பூங்கா வந்தது. அதற்காகச் சுற்றுவட்டாரத்தில் நிலங்கள் எடுக்கப்பட்டன, வெள்ளைக்காரர், கறுப்பினத்தவர் எல்லோருடையதும். பிரான்ஸ்ஃபோர்டு குடும்பத்தின் நிலமும் போனது. 1941-இல் முறைப்படி பூங்கா ஆனபோது வழிகாட்டிகளில் ஒரு பிரான்ஸ்ஃபோர்டுகூட இல்லை. நூறு வருடம் நாட்டுக்கே குகையைக் காட்டிய குடும்பம் அது. குகை நாட்டுக்குச் சொந்தமானது, அவர்கள் வெளியே.

2004-இல்தான் மறுபடியும் ஒருவர் உள்ளே வந்தார். ஜெரி பிரான்ஸ்ஃபோர்டு, மேட்டின் ஐந்தாம் தலைமுறை. அறுபது வருடத்துக்கு மேலான இடைவெளி.

நெடுவழி, நீங்கள் சொல்லும் தூரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மக்கள் வாசலிலேயே இருந்தார்கள். உள்ளேயே இருந்தார்கள்.

#6 நெடுவழி

இரண்டு நாளாகப் பதில் எழுதாமல் இருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன்.

என் யோசமிட்டியிலிருந்தே ஒன்று. 1899-இல் எடுத்த புகைப்படம். குதிரைமேல் கறுப்பினப் படைவீரர்கள். அவர்கள்தான் அப்போது பூங்காவின் காவலர்கள். எத்தனை முறை அங்கே போயிருக்கிறேன், இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஷெல்டன் ஜான்சன் என்ற கறுப்பின ரேஞ்சர் அந்தப் புகைப்படத்தைப் பார்த்துத்தான், அந்த வீரர்களின் கதையைச் சொல்வதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டாராம். குகைவிளக்கு, கல்மலை, யாராவது இதை விரிவாக எழுதுங்களேன்.

#7 கல்மலை

இதை எழுதக் காத்திருந்தேன்.

தேசியப் பூங்காத் துறை என்று ஒன்று 1916-இல்தான் வந்தது. அதுவரை யோசமிட்டி, செக்கோயா போன்ற பூங்காக்களைக் காத்தது ராணுவம். சட்டவிரோதமாக ஆடு மேய்ப்பவர்களைத் துரத்துவது, வேட்டையைத் தடுப்பது, தீ அணைப்பது, பாதை போடுவது எல்லாம் குதிரைப்படையின் வேலை. 1899, 1903, 1904 ஆகிய வருடங்களில் அந்த வேலைக்கு வந்தவர்கள் கறுப்பினப் படைப்பிரிவினர். பஃபலோ சோல்ஜர்ஸ், அதாவது எருமை வீரர்கள் என்று பெயர் பெற்றவர்கள். சுமார் 500 பேர்.

(அவர்களுடைய பழைய வரலாற்றில் சங்கடமான பக்கமும் உண்டு. இதே படைப்பிரிவுகள் மேற்கே பூர்வகுடி மக்களுக்கு எதிரான போர்களில் பயன்படுத்தப்பட்டன. அதை மறைத்துவிட்டுப் பெருமை மட்டும் பேச எனக்கு மனம் இல்லை.)

1903-இல் செக்கோயாவுக்கு வந்த பிரிவின் தலைவர் கேப்டன் சார்லஸ் யங். 1864-இல் கென்டக்கியில் அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறிய மூன்றாவது கறுப்பினத்தவர். அந்தக் கோடையில் செக்கோயாவுக்கும் பக்கத்து ஜெனரல் கிராண்ட் பூங்காவுக்கும் பொறுப்புக் கண்காணிப்பாளர் அவர்தான். ஒரு தேசியப் பூங்காவுக்குத் தலைவராக இருந்த முதல் கறுப்பினத்தவர்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து குதிரையிலேயே 16 நாள் பயணம் செய்து வந்தார்கள். அங்கே ராட்சத மரக்காட்டுக்கு வண்டிப்பாதை போடும் வேலை பல வருடமாக அரைகுறையாகக் கிடந்தது. முந்தைய மூன்று கோடைகளில் முடிந்ததைவிட அதிகமான வேலையை யங்கின் ஆட்கள் ஒரே கோடையில் முடித்தார்கள். ஆகஸ்டில் குதிரை வண்டி நேராக மரக்காட்டுக்குள் போனது. பொதுமக்கள் அந்த மரங்களை வண்டியிலேயே போய்ப் பார்க்க முடிந்தது அதற்குப் பிறகுதான். பூங்காவுக்குள் இருந்த தனியார் நிலங்களை அரசாங்கம் வாங்கிவிட வேண்டும் என்றும் அவர் எழுதிக் கொடுத்தார்.

ஊர்க்காரர்கள் ஒரு மரத்துக்கு அவர் பெயரை வைக்க விரும்பினார்கள். வேண்டாம், இருபது வருடம் கழித்தும் இதே எண்ணம் இருந்தால் வையுங்கள் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதில் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனின் பெயரை ஒரு மரத்துக்கு வைத்தார்கள். யங்கின் பெயரில் ஒரு மரம் 2004-இல்தான் வந்தது. நூற்றொரு வருடம்.

அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைத்த மரியாதை வேறு. 1917-இல், முதல் உலகப்போரில் ஜெனரல் ஆகியிருக்க வேண்டிய ஆளை, உடல்நலம் சரியில்லை என்று கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? 1918-இல் ஒகாயோவில் இருந்த தன் வீட்டிலிருந்து வாஷிங்டன் வரை 497 மைல் குதிரையில் போய்த் தன் உடல்நலத்தைக் காட்டினார். போர் முடியப் போகும் நேரத்தில்தான் திரும்ப வேலை கொடுத்தார்கள். ஜெனரல் பதவி 2022-இல் வந்தது. அவர் இறந்து சரியாக நூறு வருடம் கழித்து.

#8 இருசக்கரம்

சைக்கிள் ஆசாமியாக நான் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். 1896-இல் மொன்டானாவின் மிசூலா கோட்டையில் இருந்த 25-ஆம் காலாட்படையின் கறுப்பின வீரர்கள் சிலர் சைக்கிளிலேயே யெல்லோஸ்டோன் பூங்காவுக்குப் போனார்கள். குதிரைக்குப் பதில் சைக்கிள் சரிப்படுமா என்று ராணுவம் சோதித்துப் பார்த்த காலம். கூடாரம், போர்வை, துப்பாக்கி, சாப்பாடு எல்லாவற்றையும் வண்டியில் கட்டிக்கொண்டு, கியர் இல்லாத கனத்த சைக்கிளில், மலைமேல். வெந்நீர் ஊற்றுப் படிக்கட்டுகளில் அவர்கள் சைக்கிளோடு வரிசையாக நிற்கும் படம் இருக்கிறது. தேடிப் பாருங்கள். மறு வருடம் இருபது வீரர்கள் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை 1,900 மைல் ஓட்டினார்கள். 41 நாள். நான் நல்ல தார்ச்சாலையில் நூறு மைல் ஓட்டிவிட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தவன். அவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

#9 கடற்காகம்

நான் மயாமியில் இருக்கிறேன். காடு, மலை மட்டும்தான் பூங்காவா? கடலையும் சேருங்கள்.

மயாமிக்குத் தெற்கே பிஸ்கேன் தேசியப் பூங்கா. பெரும்பகுதி தண்ணீர்தான். அந்தத் தீவுகளில் இஸ்ரேல் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவர் 1890-களின் இறுதியில் நிலம் வாங்கினார். பவளப்பாறை நிலம், கொசுக்காடு. அதைத் திருத்தி அன்னாசியும் எலுமிச்சையும் போட்டு முன்னேறினார். மகன்களுக்கு அவர் வைத்த பெயர்களைப் பாருங்கள்: ஒருவர் கிங் ஆர்தர், இன்னொருவர் சர் லான்சலாட்! தென்மாநிலங்களில் வெள்ளைக்காரர்கள் கறுப்பின ஆண்களை "ஏய் பையா" என்று கூப்பிட்ட காலம் அது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே 'ராஜா', 'ஐயா' என்று சொல்ல வேண்டிவரும்படி பெயர் வைத்திருக்கிறார் அப்பா. அவர் அதை நினைத்துத்தான் வைத்தாரா என்பது வேறு. கேட்டபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது.

லான்சலாட் வளைகுடாவின் ஒவ்வொரு மீன் பாதையும் அறிந்தவர். பெரிய பெரிய ஆட்களுக்கு மீன்பிடி வழிகாட்டி. 1960-களில் அந்தத் தீவுகளை ஊராக்கி விற்கவும், வளைகுடாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் துறைமுகமும் கட்டவும் திட்டம் போட்டார்கள். அவர் தன் நிலத்தை அவர்களுக்கு விற்கவில்லை. 1970-இல் பூங்காத் துறைக்கே விற்றார், தன் ஆயுள் வரை அங்கேயே இருக்கும் உரிமையோடு. பூங்காவுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடற்பஞ்சைப் பற்றிச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு தனியாக அங்கேயே வாழ்ந்தார். 1992-இல் ஆண்ட்ரூ புயல் அடிக்கும்வரை. 1997-இல் 99 வயதில் இறந்தார்.

இன்று வார இறுதியில் அங்கே படகு விடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தண்ணீருக்கு அந்தப் பக்கம் மயாமி கடற்கரை முழுக்க மாடிக் கட்டடம். இந்தப் பக்கம் அலையாத்திக் காடு. அந்த வேறுபாட்டுக்கு அந்த ஒரு மனிதர் சொன்ன "விற்க மாட்டேன்" ஒரு முக்கியக் காரணம்.

#10 நெடுவழி

நான் முதலில் எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும். தூரமும் செலவும் இன்றைக்கும் பெரிய தடை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் "ஏன் அவர்கள் வருவதில்லை" என்று ஆரம்பித்ததே தவறான இடம். வந்தவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்டிருக்க வேண்டும்.

ஒரு கேள்வி மட்டும். இப்போது எப்படி இருக்கிறது?

#11 கல்மலை

மாறிக்கொண்டிருக்கிறது. 1962-இல் கிராண்ட் டீட்டன் பூங்காவில் பருவகால ரேஞ்சராகச் சேர்ந்த ராபர்ட் ஸ்டான்டன் 1997-இல் தேசியப் பூங்காத் துறையின் முதல் கறுப்பின இயக்குநர் ஆனார். 2009-இல் ஓக்லாந்தில் ரூ மேப் என்ற பெண்மணி 'அவுட்டோர் ஆஃப்ரோ' என்ற அமைப்பைத் தொடங்கினார். இன்று அது நாடு முழுக்கக் கறுப்பின மக்களை மலையேற்றத்துக்கும் படகுக்கும் கூட்டமாக அழைத்துப்போகிறது. கூட்டமாகப் போவதில்தான் விஷயம் இருக்கிறது. தனியாகப் போக அஞ்சுகிறவர்கள் பத்துப் பேரோடு போவார்கள்.

அந்த அச்சம் பழங்கதை என்றும் நினைக்காதீர்கள். 2020 மே மாதம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் கிறிஸ்டியன் கூப்பர் பறவை பார்த்துக்கொண்டிருந்தார். நாயைக் கட்டிப் பிடியுங்கள் என்று ஒரு பெண்ணிடம் சொன்னதற்கு, ஒரு கறுப்பின ஆள் மிரட்டுகிறான் என்று அவர் போலீசைக் கூப்பிட்டார். கழுத்தில் பைனாகுலர் தொங்கும் ஆளுக்கே அந்த நிலை. அதற்கு அடுத்த வாரமே கறுப்பினப் பறவை ஆர்வலர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு வாரத்தைக் கொண்டாடத் தொடங்கினார்கள். இப்போதும் வருடந்தோறும் நடக்கிறது.

எங்கள் ஊர் ஸ்டோன் மவுண்டன் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு 1915-இல் மறுபடி உயிர்பெற்றது அந்தப் பாறையின் உச்சியில்தான், சிலுவையைக் கொளுத்தி. அடிமைமுறைக்காகப் போரிட்ட தலைவர்களின் உருவம் இன்றும் பாறை முகத்தில் செதுக்கியபடியே இருக்கிறது. சனிக்கிழமை காலையில் நான் ஏறும்போது என்னோடு ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பாட்டிமார், ஓட்டக்காரர்கள், தோளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பாக்கள். செதுக்கல் இருப்பது ஒரு பக்கம், ஏறுபாதை இன்னொரு பக்கம். நான் சொன்ன அந்தப் பெரியவரும் வருவார். இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்.

#12 பனைநிழல்

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் அண்ணா.

#13 குகைவிளக்கு

நேற்று மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போனேன். இந்த முறை குகைக்குள் இல்லை. பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நடைபாதை இருக்கிறது, சக்கர நாற்காலியிலும் போகலாம். அந்தப் பாதையில் பழைய வழிகாட்டிகளின் கல்லறை வருகிறது. ஸ்டீபன் அங்கேதான் இருக்கிறார்.

கிராகன் உயிலில் எழுதி வைத்தபடி ஸ்டீபனுக்கு 1856-இல் விடுதலை கிடைத்தது. மறு வருடமே இறந்துவிட்டார். நாற்பதுகூட ஆகவில்லை. பல வருடம் கல்லே இல்லாமல் கிடந்த இடம் அது. 1878-இல் குகை பார்க்க வந்த மெலன் என்ற பிட்ஸ்பர்க் செல்வந்தர், ஸ்டீபனின் மனைவி சார்லட்டிடம் பேசிவிட்டு, ஒரு கல் அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனார். மூன்று வருடம் கழித்து அனுப்பினார். உள்நாட்டுப் போர்வீரர் ஒருவருக்காகச் செய்து, பணம் கட்டாமல் தங்கிவிட்ட கல்லாம் அது. பழைய பெயரை நீக்கிவிட்டு ஸ்டீபனின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். மாமத் குகையின் முதல் வழிகாட்டி, ஆய்வாளர் என்று இருக்கிறது. இறந்த வருடம் மட்டும் 1859 என்று தவறாக விழுந்திருக்கிறது.

1972-இல் பக்கத்து மலைமுகட்டின் அடியில் இருந்த குகை வழியாக ஆய்வாளர்கள் கழுத்தளவுத் தண்ணீரில் ஊர்ந்து வந்து இரண்டு குகைகளும் ஒன்றுதான் என்று நிரூபித்தார்கள். உலகத்திலேயே நீளமானது என்ற பெயர் உறுதியானது அப்போதுதான். அவர்கள் வந்து சேர்ந்த இடம் எக்கோ ஆறு. அடியில்லாக் குழிக்கு அந்தப் பக்கம். ஸ்டீபன் ஏணிமேல் தவழ்ந்து போய்த் திறந்துவிட்ட பக்கம்.

மகள் கல்லில் இருந்த வருடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை யாரும் சரி பண்ணலையாப்பா?" என்று கேட்டாள். தன் நோட்டில் 1857 என்று எழுதிக்கொண்டாள்.

அடுத்த மாதம் எக்கோ ஆறு இருக்கும் பக்கம் ஏதாவது சுற்றுப்பயணம் விடுகிறார்களா என்று விசாரிக்கப் போகிறேன். இந்தப் பக்கம் யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம். உள்ளே எப்போதும் குளிர், 12 டிகிரிதான். ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள்.